இரண்டு நோட்டு: விழுந்தபின் கடவுளிடம் திரும்புகிறவர்களுக்கு

இதை யாருக்காக எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு செய்து, அது வெளியே வந்து, அதன் பலனும் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதா வேண்டாமா என்று சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான். விசுவாசத்துக்குப் புதிதாக வந்து முதல் தடவை சறுக்கியவராக இருக்கலாம், மூன்று தலைமுறைக் கிறிஸ்தவராக இருந்து இப்போதுதான் உண்மையாகக் கடவுளைத் தேடுகிறவராகவும் இருக்கலாம். இந்த வழிக்கு இரண்டு பேரும் புதுசுதான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாங்கூனில் எங்கள் வட்டாரத்தில் பத்துப் பேர் சேர்ந்த ஒரு சீட்டு, மாதம் ஆளுக்குப் பர்மியப் பணத்தில் ஒரு லட்சம் ஜாட், பிடித்தவன் நான். பணம் என் கையில் இருந்தது, கூடவே டூடியும் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பர்மியர்கள் நலோன் என்று சொல்கிற இந்த இரண்டு எண் சூதாட்டம் தாய்லாந்து பங்குச் சந்தைக் கணக்கின் எண்களை வைத்து நடக்கிறது, சந்தை நடக்கிற நாளெல்லாம் மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு தடவை. நூறில் ஓர் எண் விழும், விழுந்தால் எங்கள் தெருவில் 80 மடங்கு தருவார்கள். கணக்குத் தெரிந்தவன் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். எனக்குக் கணக்குத் தெரியும், சீட்டுக் கணக்கே நான்தானே எழுதினேன். 2020 கடைசியில் முனை வீட்டு அக்காவுக்கு விழவேண்டிய முழுச் சீட்டுப் பத்து லட்சமும் போய்விட்டது. தெருவோரத்தில் ஆப்பம் சுட்டு விற்கிறவர், மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம் அது. ஒன்றரை வருடம் பொய்மேல் பொய்யாகச் சொல்லி ஓட்டினேன். 2022-இல் எல்லாம் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மாட்டிக்கொண்டவன் மனசில் வருகிற முதல் கேள்வி, "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா?" என்பதுதான். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் தேடவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பர்மியர் வினை திரும்பி வந்துவிட்டது என்பார், நம் ஆட்கள் விதைத்ததை அறுக்கிறான் என்பார்கள். இரண்டும் பொய் இல்லை. மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று கலாத்தியர் நிருபமும் சொல்கிறது. ஆனால் அறுவடை நடக்கிறது என்பதை வைத்துக் கடவுள் போய்விட்டார் என்று முடிவு கட்டினால் அங்கேதான் தவறுகிறோம்.

தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்சேபாள் விஷயம், அவள் புருஷன் உரியாவைக் கொல்ல வைத்த விஷயம் எல்லாம் தெரிந்ததுதான். தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னதும் தாவீது ஒத்துக்கொள்கிறான். கர்த்தர் உன் பாவம் நீங்கச் செய்தார், நீ சாவதில்லை என்கிறார் நாத்தான், அதே மூச்சில் அவளுக்குப் பிறந்த குழந்தை சாகும் என்றும் சொல்கிறார். மன்னிப்பும் விளைவும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வருகின்றன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. எண்ணாகமம் 14-இலும் இப்படித்தான், மன்னித்தேன் என்கிறார், ஆனாலும் அந்தத் தலைமுறை கானானைப் பார்க்கவில்லை. இது எனக்கு முதலில் கசப்பாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தபோது ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது, ஏனென்றால் கடன்காரர் கதவைத் தட்டுகிற அதே நாளில் நான் மன்னிக்கப்பட்டவனாகவும் இருக்க முடியும் என்று அது சொல்கிறது.

அதனால்தான் இரண்டு நோட்டு என்கிறேன். ஒன்றில் எனக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு, மற்றதில் எனக்கும் மனிதர்களுக்கும் உள்ள கணக்கு. பரமண்டல ஜெபம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், மத்தேயுவில், "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றுதான் இருக்கிறது. முதல் நோட்டுக் கடனை நாம் கட்ட முடியாது, அது தள்ளுபடி ஆகிற கடன். இரண்டாவது நோட்டுக் கடன் தள்ளுபடி ஆகாது, கட்டவேண்டும். முதல் நோட்டைக் கட்டப் பார்க்கிறவன் வாழ்நாள் முழுக்க உபவாசமிருந்தே ஓய்ந்துபோகிறான். இரண்டாவதைத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறவன் சாட்சி சொல்லிக்கொண்டு திரிகிறான், சீட்டுப் பணம் கொடுத்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நோட்டு

ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு போதும். கைபேசியில் எழுதாதீர்கள், பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள். என்ன செய்தீர்கள் என்று பெயர் போட்டு, தேதி தெரிந்தால் தேதியும் போட்டு எழுதுங்கள்.

பொதுவாக எழுதினால் ஒன்றும் ஆகாது. இங்கே அக்டோபர் வாக்கில் தடிஞ்சூத் பண்டிகை வருகிறதல்லவா, சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, எண்ணத்தாலோ சொல்லாலோ செயலாலோ குற்றம் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வணங்குவார்கள். பார்க்கவே அழகான வழக்கம், என் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்குச் செய்வார்கள். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் வந்த தடிஞ்சூத்திலும் நான் பெரியவர்களிடம் அப்படித்தான் வணங்கினேன், பத்து லட்சத்தை மென்று விழுங்கிவிட்டு! "செய்திருந்தால்" என்ற சொல்லுக்குள்ளே ஒரு யானையே ஒளிந்துகொள்ளும். நம் ஜெபத்திலும் "தெரிந்தோ தெரியாமலோ செய்த பாவங்களை" என்று ஆரம்பிக்கிறோம் பாருங்கள், தெரிந்து செய்தவன் அந்த வரியில் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறான். "முனை வீட்டு அக்காவின் பத்து லட்சத்தைத் திருடினேன், கேட்டபோது வங்கியில் இருக்கிறது என்று ஒன்பது தடவை சொன்னேன்." இப்படி எழுதவேண்டும். "திருடினேன்" என்ற சொல்லை எழுத எனக்கு இரண்டு ராத்திரி ஆனது, அதற்கு முன்னால் "எடுத்தேன்", "செலவாகிவிட்டது", "சூழ்நிலை" என்றெல்லாம் எழுதி எழுதி அடித்திருக்கிறேன்.

எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். கரண்ட் இல்லாத நேரம் வசதி, யார் முகமும் தெரியாது. எந்த மொழியில் என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள், தமிழ் சரியாக வராது, பர்மிய மொழியில் ஜெபித்தால் பரவாயில்லையா என்று. எந்த மொழியில் பொய் சொன்னீர்களோ அந்த மொழியிலேயே சொல்லுங்கள், அவருக்கு எல்லாம் புரியும். அப்புறம் சங்கீதம் 32-ஐயும் 51-ஐயும் வாசியுங்கள். அடக்கி வைத்திருந்த நாளெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32-இல் வருகிறது, அது வெறும் கவிதை இல்லை, அந்த ஒன்றரை வருடத்தில் நான் இளைத்த இளைப்பைப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்றே வீட்டில் நினைத்தார்கள். முடிவில் 1 யோவான் 1:9-ஐ வாசித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஆனால் கிழிப்பதற்கு முன்னால் தொகைகளை இரண்டாவது நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணீரும் கம்பலையுமாக எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு, மறுநாள் யாருக்கு எவ்வளவு என்று மறுபடி உட்கார்ந்து யோசித்தேன்.

இன்னொன்று, பேரம் பேசாதீர்கள். நம் ஜனங்களுக்கு நேர்த்திக்கடன் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது. பிப்ரவரியில் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் எத்தனையோ பேர் இந்தக் கடனிலிருந்து தப்பித்தால் வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள். போங்கள், நல்லதுதான். ஆனால் அக்காவுக்குச் சேரவேண்டிய பணத்தில் பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒரே ஓர் ஆளிடம் சொல்லுங்கள்

கத்தோலிக்கராக இருந்தால் இது சுலபம், பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, ஃபாதர் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. தமிழில் சொல்ல ஆசைப்பட்டால் யாங்கூனில் அந்தோணியார் கோயில் மாதிரித் தமிழர்கள் கூடுகிற பங்குகளில் விசாரித்துப் பாருங்கள். மற்ற சபைக்காரர்கள் ஆளைத் தேடவேண்டும். ஆணென்றால் ஆண், பெண்ணென்றால் பெண். உங்களுக்குக் கடன் கொடுத்தவராகவோ உங்களிடம் வாங்கியவராகவோ இருக்கக்கூடாது. "ஜெபக் குறிப்பாக வைபர் குரூப்பில் போடுகிறேன் பிரதர்" என்று சொல்கிற ஆளாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குக் கிடைத்தவர் ஒரு வயசான மூப்பர். நான் சொல்லி முடித்ததும் அவர் ஜெபம் பண்ணவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். அப்புறம்தான் தாவீதின் கதையில் நான் ஒருநாளும் கவனிக்காத ஓர் இடத்தைக் காட்டினார். குழந்தை இறந்த செய்தி வந்ததும் தாவீது தரையிலிருந்து எழுந்திருக்கிறான், குளிக்கிறான், எண்ணெய் பூசுகிறான், துணி மாற்றுகிறான், கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொள்கிறான், வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறான். 2 சாமுவேல் 12:20. "இதே வரிசைதான், மாத்தாதே" என்றார் மூப்பர். சபைக்குப் போவதா வேண்டாமா என்று சட்டையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. குளியுங்கள், துவைத்த லுங்கியைக் கட்டுங்கள், போங்கள். கடைசி பெஞ்சில் உட்காரலாம், தப்பில்லை, ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து ஓடாதீர்கள்.

இரண்டாவது நோட்டு

இங்கேதான் நிறையப் பேர் நழுவுகிறார்கள், நானும் நழுவப் பார்த்தேன்.

காணிக்கையைப் பீடத்திலேயே விட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது: லேவியராகமம் 6-இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது, வரி வசூலித்து ஏமாற்றிய சகேயு தானாகவே நாலு மடங்கு என்றான். நான் சகேயு அளவுக்கெல்லாம் போகவில்லை, பத்து லட்சத்துக்கு ஐந்தில் ஒன்று இரண்டு லட்சம், ஆக பன்னிரண்டு லட்சம் என்று போட்டுக்கொண்டு, நானே என்னை மெச்சிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

போகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் போகவேண்டாம், வியாபாரம் நடக்கிற நேரத்தில் வேண்டவே வேண்டாம். இரக்கப்படட்டும் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவது அசிங்கம். பழம், பலகாரம் எதுவும் வேண்டாம், முதல் தவணையைக் கொண்டுபோங்கள், ஐம்பதாயிரமாக இருந்தாலும் சரி. செய்ததைச் சொல்லுங்கள், எவ்வளவு என்று சொல்லுங்கள், எப்படிக் கட்டுவீர்கள் என்று சொல்லுங்கள், அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். முக்கியமாகக் கடவுள் மன்னித்துவிட்டார் என்ற செய்தியை அங்கே போய்ச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அக்கா ஆப்பச் சட்டியைத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவரு மன்னிச்சா மன்னிக்கட்டும் தம்பி, பணம் அவரோடது இல்லையே" என்றார்.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. 2020 கடைசியில் டாலர் 1,300 ஜாட் வாக்கில் இருந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய வங்கியே 2,100 என்று வைத்தது, வெளிச் சந்தையில் அதற்கும் மேலே. "அன்னிக்கு அந்தப் பத்து லட்சத்துக்கு முக்கால் ஜாத்தா தங்கம் வாங்கியிருப்பேன், இன்னிக்கு உன் பன்னிரண்டு லட்சத்துக்கு அது வருமா?" ஜாத்தா என்பது இங்கே தங்கத்தின் எடை, 16 கிராம் சொச்சம், அதில் 16 பே, ஒரு பேயில் 8 யுவே. வராது. அக்கா பள்ளிக்கூடமே போகாதவர், கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஆகவே கணக்கைத் தங்கத்தில் போட்டோம்: முக்கால் ஜாத்தா என்றால் 12 பே, ஐந்தில் ஒன்று சேர்த்து 14 பே சொச்சம். மாதம் இரண்டு யுவே, அந்த மாத விலைக்குப் பணமாக. தங்கம் ஏற ஏற என் தவணையும் ஏறுகிறது, முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறேன், முணுமுணுப்பை முதல் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பணவீக்கம் உள்ள ஊரில் வெறும் எண்ணைத் திருப்பிக் கொடுப்பது திருப்பிக் கொடுப்பதாகாது, இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

பணம் இல்லாத பாவங்களுக்கு இந்த நோட்டு கஷ்டம். குடும்பத்தை உடைத்தவர் எதை எடைபோட்டுக் கொடுப்பார்? அங்கே திருப்பிக் கொடுக்கக் கூடியது உண்மையும் தூரமும்தான் சில சமயம். மனைவியை அடித்தவர் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டாம், அவள் பயமில்லாமல் தூங்கட்டும், செலவுக்குப் பணத்தை வேறு ஆள் மூலமாக ஒழுங்காக அனுப்புங்கள். உங்கள் மனப் பாரம் குறைவதற்காக இன்னொருவர் வீட்டில் குண்டு போடாதீர்கள். சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டிய குற்றமென்றால் சொல்லித்தான் ஆகவேண்டும், ஜெபம் அதற்கு ஜாமீன் இல்லை.

வழியை அடையுங்கள்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எண் எழுதுகிற ஆள் உட்கார்கிற டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். சம்பளம் நேராக மனைவி கைக்கு. பன்னிரண்டு மணிக்கும் நாலரைக்கும் கைபேசி அவளிடம். கனவில் பாம்பு வந்தால் என்ன எண், பிணம் வந்தால் என்ன எண் என்று பேசுகிற கூட்டம் எல்லாத் தெருவிலும் உண்டு, கனவை யாரிடமும் சொல்லாமல் இருக்கப் பழகினேன். உங்கள் பாவத்துக்கும் ஒரு நேரமும் ஓர் இடமும் ஓர் ஆளும் இருக்கும், அந்த மூன்றையும் கண்டுபிடியுங்கள்.

சந்தோஷம் உடனே வராது

மன்னிப்புக் கிடைத்தும் உள்ளே ஒன்றுமே தோன்றாமல் வறண்டு கிடக்கிற காலம் ஒன்று வரும். பயப்படவேண்டாம். 51-ஆம் சங்கீதத்தில் தாவீது இரட்சிப்பின் சந்தோஷத்தைத் "திரும்பவும்" தா என்று கேட்கிறான், கேட்கிறபோது அது கையில் இல்லை என்றுதானே அர்த்தம்.

பர்மாவில் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிற யாருக்கும் ஜட்சனைத் தெரியும். 1813-இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி, பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் சிறையிருந்தவர். சிறையிலிருந்து வந்த 1826-லேயே மனைவி ஆன் இறந்தார், அடுத்த வருடம் இரண்டு வயதுக் குழந்தையும் போயிற்று. அதற்கப்புறம் அவர் மோல்மேன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தனக்கே ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். அவருடையது பாவத்தின் விளைவு இல்லை, துக்கம், அதனால் என்னோடு ஒப்பிடவில்லை. 1834 ஜனவரியில் அதே மனிதர் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார் என்பதற்காகச் சொல்கிறேன். உணர்ச்சி வருகிறவரை அவர் வேலையை நிறுத்தி வைக்கவில்லை.

பேதுருவின் கதையிலும் ஒன்று இருக்கிறது. அவன் இயேசுவை மறுதலித்த ராத்திரியில் குளிர்காய்ந்தது கரிநெருப்பில், யோவான் 18. அப்புறம் கடற்கரையில் உயிர்த்தெழுந்த இயேசு மீன் சுட்டு வைத்திருப்பதும் கரிநெருப்பில்தான், யோவான் 21. அதே வாசனை. இப்போது மின்வெட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கரியடுப்பு திரும்ப வந்துவிட்டது, சாயங்காலம் அந்தப் புகை வருகிறபோதெல்லாம் இந்த இடம் ஞாபகம் வரும். விழுந்த இடத்தின் வாசனை திரும்ப வந்தால் சாத்தான் குத்திக்காட்டுகிறான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேதுருவுக்கு அந்த வாசனையில் காலைச் சாப்பாடு கிடைத்தது. சாப்பிட்ட பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்ற மூன்று கேள்வியும் வந்தன.

சபையில் உங்கள் இடம்

பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். என்னிடமிருந்து காணிக்கைப் பெட்டிச் சாவியை வாங்கினார்கள், இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை, கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். குடிகாரனிடம் கள்ளுக்கடையை ஒப்படைப்பதற்குப் பெயர் அன்பு இல்லை. நாற்காலி அடுக்குவது, பெரியவர்களை வட்ட ரயிலில் ஏற்றிவிடுவது என்று கைக்குப் பணம் வராத வேலை எவ்வளவோ இருக்கிறது. உங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறவர்கள் இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள். என் தம்பியே இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவனுக்குக் கணக்கு எதுவும் பாக்கி இல்லை, தலைக்குனிவுதான் பாக்கி, அதை நான் எந்த யுவேயில் கட்டுவது?

மறுபடி விழுந்தால்? நான் ஒரு தடவை விழுந்தேன், 2023-இல், ஐயாயிரம் ஜாட். அன்றைக்கே மூப்பருக்குப் போன் போட்டேன், முதல் நோட்டை எடுத்தேன், ஐயாயிரம் என்று எழுதினேன். உண்மை வெளியே வர முதல் தடவை ஒன்றரை வருடம் ஆனது, இரண்டாவது தடவை மூன்று மணி நேரம்.

மாதம் மூன்றாம் தேதி அக்கா வீட்டுக்குப் போகிறேன். மகளுக்கு ஒருவழியாகக் கல்யாணம் ஆகிவிட்டது, என் பணத்தில் இல்லை. அக்கா ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறார், பணத்தை இரண்டு தடவை எண்ணி, எழுதி, என்னிடம் ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வாங்குவார். போன மாதம் எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, "சரி போ, மழை வருது" என்றார். நான் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து நோட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.